யோசித்து ஓடும் கார்

போன வாரம் இந்த இடத்தில் என் பத்தி வரவில்லை. அதற்குப் பதில் ஓர் இடியப்ப மாவு விளம்பரம் வந்திருந்தது. பார்த்திருப்பீர்கள்.

"சார், போன வாரம் உங்க பக்கம் ரொம்ப நல்லா இருந்துச்சு!" என்று எங்கள் ஊர் கோல சிலாங்கூர் பஸ் நிலையத்தில் ஒரு வாசகர் கையைப் பிடித்துக் குலுக்கினார். மாவைத்தான் பாராட்டுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

எழுதாததற்குக் காரணம் உண்டு. என் மனைவி மல்லிகாவுக்குப் பிரசவம். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துத் தங்கிய பிள்ளை. அந்த வாரம் யாராவது வந்து என்னைப் பேனாவைப் பிடிக்கச் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேனோ… நல்லவேளை, ஆசிரியர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மாவுக்காரரிடம் கேட்டுக்கொண்டார்.

இந்தக் கதையை ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்கினால் சரிவராது. என் காரின் பானெட்டைத் திறந்து, உள்ளே ஒரு மூலையில் இருக்கும் போல்ட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் இருப்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன் — சிவப்பு நிறம், இரண்டே கதவு, ஜப்பான்காரன் செய்தது. பக்கத்து ரப்பர் தோட்டத்தில் உதவி மேனேஜராக, அதாவது சின்ன துரையாக இருந்தவர் மாற்றலாகிப் போகும்போது விற்றுவிட்டுப் போனார். இன்சூரன்ஸ் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக வேலை பார்க்கிற, நாற்பதை நெருங்குகிற, முன்தலை காலியாகிக்கொண்டிருக்கிற ஒருவனுக்கு இது எதற்கு? மல்லிகாவும் இதைத்தான் கேட்டாள். பதில் இன்னும் தயாராகவில்லை.

நல்ல கார்தான். வாங்கிய புதிதில் பாய்ந்து போகும். ஆனால் இந்த வருடத் தொடக்கத்திலிருந்து அதற்கு ஒரு புதுப் பழக்கம் வந்துவிட்டது. மிதித்தால் யோசித்தது!

ஆக்ஸிலேட்டரை மிதிப்பேன். கார் முதலில் ஒரு பெருமூச்சு விடும். 'போயே ஆக வேண்டுமா?' என்று கேட்பதுபோல் ஒரு குலுக்கல். பிறகு, 'சரி, இவ்வளவு தூரம் சொல்கிறீர்களே…' என்று கிளம்பும். முன்விளக்கைப் போட்டால் யோசனை இன்னும் நீளும். மழை பெய்து வைப்பரையும் ஓடவிட்டால், கோயில் கமிட்டிக் கூட்டம்தான். முடிவுக்கே வராது.

முதலில் நான் கவலைப்படவில்லை. "என் கார் எதையும் யோசித்துத்தான் செய்யும்" என்று ஆபீசில் சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன். காப்பார் சாலையில் சிரிப்பு நின்றது.

மல்லிகாவுக்கு அப்போது ஆறாவது மாதம் முடியும் தறுவாய். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வரப் போய்க்கொண்டிருந்தோம். தூறல். முன்னால் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று நத்தையாய் ஊர்ந்தது. எதிரே சாலை காலி. முந்தலாம் என்று வெளியே எடுத்து மிதித்தேன். கார் லோரியின் பக்கவாட்டுக்கு வந்ததும் யோசிக்க ஆரம்பித்துவிட்டது. வளைவில் பஸ் ஒன்று தலை நீட்டியது.

எப்படி பிரேக் போட்டேன், எப்படி லோரிக்குப் பின்னால் மறுபடி நுழைந்தேன் என்று கேட்காதீர்கள். பஸ்காரன் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. மல்லிகா கத்தவில்லை. இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலும் பேசவில்லை, திரும்பி வரும்போதும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, சாமி விளக்கை ஏற்றிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"இனிமே இந்தக் காருல நான் ஏற மாட்டேங்க. எங்கம்மா வூட்டுக்குப் போறேன். அங்கேயே பெத்துக்கிறேன்."

தலைச்சன் பிள்ளைக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம்தானே, இதில் என்ன வந்துவிட்டது என்று நீங்கள் கேட்கலாம். மாமியார் வீடு சுங்கை பெசாருக்கும் உள்ளே ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றாக இருக்கிறது. தார் சாலையிலிருந்து லயம் வரை செம்மண் பாதை. வருடக் கடைசி மழையில் அந்தப் பாதையில் டிராக்டரே மாட்டிக்கொண்டு நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை பிறக்க வேண்டியதும் அதே மழையில்தான். தலைச்சன் என்பதால் பெரிய ஆஸ்பத்திரிதான் நல்லது என்று டாக்டரும் சொல்லியிருந்தார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஏழு வருடமாக ஒவ்வொரு கோயிலிலும் எங்கள் பெயருக்கு அர்ச்சனை செய்து செய்து குருக்களுக்கே எங்கள் நட்சத்திரம் மனப்பாடம். அந்தப் பிள்ளை பிறக்கும்போது நான் முப்பது மைல் தள்ளி, சேறு காய்வதற்குக் காத்துக்கொண்டிருப்பதா? பிறந்த உடனே சேதி கேட்க நான் வாசலில் நிற்க வேண்டும். வேறு ஆசை எதுவும் அப்போது எனக்கு இல்லை.

மாமியாரிடம் போய் நின்றேன். பவுனம்மா என்பது அவர் பெயர். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி நாலு பிள்ளைகளை ஆளாக்கியவர். வழக்கத்தை விட்டுக்கொடுப்பவர் இல்லை. ஆனாலும் என் முகத்தைப் பார்த்து ஏதோ இரக்கம் வந்திருக்க வேண்டும்.

"சரி மாப்ள. வழக்கம் கெடக்கட்டும். நானே டவுனுக்கு வந்து கூட இருந்துக்கிறேன். ஆனா ஒங்க காரு திக்காம ஓடணும். ஒம்பது மாசம் பொறக்கறதுக்குள்ள அது ஒழுங்காவலைன்னா எம் பொண்ண நான் கூட்டிக்கிட்டுப் போயிருவேன். அப்புறம் ஒண்ணும் சொல்லக் கூடாது."

இப்படியாக, என் மனைவி எங்கே பிள்ளை பெறுவாள் என்பதை ஓர் இஞ்சின் முடிவு செய்யும் நிலை வந்தது.

வைத்தியம் ஆரம்பமானது. கிள்ளானில் ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டுமே தொடும் ஒரு மெக்கானிக் இருக்கிறார் என்றார்கள். போனேன். பிளக்குகளை மாற்றினார். கார்ப்பரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் குளிப்பாட்டினார். அடுத்த முறை காயிலை மாற்றினார். ஒவ்வொரு முறையும் கார் அவர் வாசலில் பாய்ந்தது, காப்பார் தாண்டியதும் யோசித்தது. ஒருநாள் நானே பானெட்டைத் திறந்து துழாவியபோது, ஆக்ஸிலேட்டர் கேபிளில் கை பட்டுச் சுட்டுவிட்டது. "இது ஏன் இப்படிக் கொதிக்கிறது?" என்று கேட்டேன். "இஞ்சின் பக்கத்துல இருந்தா சூடாத்தான் இருக்கும் லா!" என்று சிரித்தார். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வந்தேன்.

எங்கள் ஆபீஸ் பெரிய கிராணி சுப்பையா இருக்கிறாரே, அவருக்கு எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு. "ஜப்பான் காருக்கு ஜப்பான்லேர்ந்து சாமான் வரணும். மத்ததெல்லாம் வேஸ்ட்." ஜப்பானிலிருந்து எந்தச் சாமான்? "அதை ஜப்பான்காரன் சொல்வான்."

மாமியார் திருஷ்டி என்றார். எலுமிச்சம்பழம் வாங்கி நாலு சக்கரத்தின் அடியிலும் வைத்தோம். நம்புங்கள் — பழத்தை நசுக்குவதற்கும் கார் யோசித்தது.

இதற்கிடையில் ஏழாம் மாத வளைகாப்பு வந்தது. தோட்டத்தில், மாமியார் வீட்டு வாசலில் பந்தல். மல்லிகா அழைத்துப்போக வந்த அம்மாவோடு டாக்சியில் போய்விட்டாள். நான் தனியாக என் யோசனைக்காரனை ஓட்டிக்கொண்டு போனேன்.

மல்லிகாவின் அண்ணன் கோவிந்தன் அங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை பார்க்கிறார், கோயில் கமிட்டியிலும் இருக்கிறார். தங்கைக்கு ஏழு வருடம் கழித்து நடக்கும் விசேஷம் என்று சுங்கை பெசாரிலிருந்து மைக்செட் வைத்திருந்தார். மைக்செட்டோடு வந்தவர் சவுண்ட் முனியாண்டி.

இவரைப் பற்றி ஒரு வார்த்தை. முனியாண்டிக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் இல்லை. தெரிந்ததாகச் சொல்வதில் பெரும்பாலானது தவறு. டிவி பார்த்தால் தலைமயிர் கொட்டும் என்பார். வயல் பக்கத்து ஈரக்காற்றில் பாட்டின் சுருதி இறங்கிவிடும் என்பார். மறுத்துப் பேசினால் வால்யூமைக் கூட்டிவிடுவார்.

அன்று பந்தலில் பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்ய்ங்' என்று ஓர் இரைச்சல். கோவிந்தன் முறைத்தார். முனியாண்டி அசரவில்லை. பெட்டியிலிருந்து ஒரு தடித்த வயரை எடுத்து, பாட்டுப் பெட்டியின் தகரத்தையும் ஆம்ப்ளிஃபையரின் தகரத்தையும் சேர்த்து முடுக்கினார். இரைச்சல் நின்றது.

"ஒடம்பும் ஒடம்பும் ஒட்டணும் சார்!" என்று என்னிடம் கண்ணைச் சிமிட்டினார். "ஒட்டலைன்னா கரண்டு வழி தெரியாமக் கண்ட எடத்துல பூந்து போவும். அதான் கத்துது."

கண்ட இடத்தில் புகுந்து போகும்… என் விரலில் சுட்ட இடம் ஞாபகம் வந்தது. சும்மா சொல்லி வைப்போமே என்று, கொதிக்கும் கேபிள் கதையைச் சொன்னேன். முனியாண்டி மைக்கை அப்படியே வைத்துவிட்டார்.

"சார், ஒங்க இஞ்சினுக்கும் ஒடம்புக்கும் பேச்சுவார்த்தை இல்ல சார்!"

விஷயம் இதுதான். பேட்டரியிலிருந்து சிவப்பு வயரில் கிளம்பும் கரண்ட் வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். அது திரும்பும் சாலை காரின் தகர உடம்புதான். அந்த உடம்பு பேட்டரியோடும் இஞ்சினோடும் சரியாகச் சேராவிட்டால் கரண்ட் தடுமாறும். பெரிய ரோட்டில் வெள்ளம் வந்தால் பஸ் தோட்டத்து ரோட்டில் புகுந்து வருவதுபோல், கிடைத்த கம்பி வழியாகத் திரும்பப் பார்க்கும். என் காரில் கிடைத்தது ஆக்ஸிலேட்டர் கேபிள். மிதிக்கும்போது பொறிக்கு வேண்டிய கரண்ட் முழுசாகக் கிடைக்கவில்லை. இதைக் கார் யோசிக்கிறது என்று நான்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இது முனியாண்டியின் விளக்கம். அவர் சொன்னதில் எது சரி எது தவறு என்று எனக்கு இன்றும் தெரியாது. வயரைப் பற்றிச் சொன்னது சரி.

சாப்பாடு முடிந்ததும் ரம்புத்தான் மரத்தடியில் கடை விரித்தார். பழைய மைக்செட் வயரைத் துண்டு துண்டாக வெட்டினார். யார் வீட்டிலோ செத்துப்போன ஐஸ்பெட்டியின் செப்புக் குழாயை வாங்கி, சுத்தியலால் தட்டையாக்கி, ஓட்டை போட்டு, வயரின் இரண்டு முனையிலும் காதுபோல் ஈயம் வைத்து ஒட்டினார். லயமே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. செலவு? முனியாண்டிக்கு இரண்டாவது தடவை பாயசம்.

வயரின் ஒரு முனை இஞ்சினுக்கு. மறு முனை, பேட்டரியின் கறுப்பு வயர் காரின் உடம்பில் சேரும் அந்த போல்ட்டுக்கு. முனியாண்டி குனிந்து பார்த்தார்.

"சார், ஒங்க காரு செவப்புதானே?"

"ஆமா."

"உள்ள ஏன் சார் நீலமா இருக்கு?"

எட்டிப் பார்த்தேன். போல்ட்டைச் சுற்றிப் பளபளவென்று நீலம். அந்த நீலத்தை எங்கோ பார்த்திருக்கிறேன்… தலையை நிமிர்த்தினேன். லயத்துக் கோடியில் மாரியம்மன் கோயில் கோபுரம் அதே நீலத்தில் மின்னிக்கொண்டிருந்தது.

கோவிந்தன் முன்னால் வந்தார். முகத்தில் அவ்வளவு பெருமை.

"அது நான் அடிச்சது மாப்ள!"

தோட்டத்தில் கரண்ட் சாயங்காலம்தான் வரும். டிவியில் தமிழ்ப் படம் போடுவதோ ஞாயிறு மத்தியானம். அதனால் லயத்து ஜனங்கள் சின்ன டிவியைக் கார் பேட்டரியில் ஓட்டுவார்கள். டவுனிலிருந்து யாருடைய மாப்பிள்ளையாவது காரில் வந்தால், அவர் கையைத் துடைத்துக்கொண்டு இலையிலிருந்து எழுவதற்குள் பேட்டரி வண்டியில் இருக்காது. படம் முடிந்ததும் பத்திரமாகத் திரும்பி வந்துவிடும். இதற்கு மாப்பிள்ளை முகம் சுளிக்கக் கூடாது என்பது எழுதாத சட்டம். 'பேட்டரி குடுக்காத மாப்ள' என்று ஒருவருக்குப் பெயர் விழுந்து, பேரன் எடுத்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. நான் எப்போதும் சிரித்துக்கொண்டே கொடுத்திருக்கிறேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒருமுறை பேட்டரியில் கறுப்பு வயரின் பூட்டு இறுகிக்கொண்டு கழலவில்லையாம். கோவிந்தன் வயரின் மறு முனையைக் கார் உடம்பிலிருந்தே கழற்றியிருக்கிறார். கழற்றிய இடத்தில் துரு.

"எனக்கு மனசே கேக்கல மாப்ள. நம்ம வூட்டுக்கு வந்த காரு. துருவோட திருப்பி அனுப்பிச்சா நல்லாவா இருக்கும்? கோபுரத்துக்கு அடிச்ச பெயிண்டு மீந்து கெடந்துச்சி. நல்லாத் தேச்சி ரெண்டு கோட்டு அடிச்சி, காய வெச்சி, அப்புறந்தான் போல்ட்ட முடுக்கினேன். நீங்க தொறந்து பாத்து சந்தோசப்படுவீங்கன்னு நெனச்சேன். நீங்க ஒண்ணுமே சொல்லல."

பெயிண்டின் மேல் கரண்ட் போகாது. இவ்வளவு மரியாதையாக என் காரை இதுவரை யாரும் கெடுத்ததில்லை.

காப்பார் சாலையில் அந்த பஸ்ஸின் முகம் என் கண்ணில் வந்து போனது. கோபம் வந்தது. ஆனால் எதிரே நிற்பவர் மனைவியின் அண்ணன். அவர் வீட்டு வாசல். கையில் இன்னும் அவர் போட்ட சாப்பாட்டு வாசனை. உள்ளே பந்தலில் அவர் தங்கை கை நிறைய வளையலோடு ஏழு வருடத்தில் நான் பார்க்காத ஒரு சிரிப்போடு உட்கார்ந்திருக்கிறாள்.

"அழகா இருக்கு மச்சான்" என்றேன்.

முனியாண்டி உளியால் சுரண்ட ஆரம்பித்தபோது கோவிந்தன் முகம் வாடியது. "சாமி பெயிண்டுய்யா… பாத்து. வயரு ஒக்கார்ற எடம் வரைக்கும் சொரண்டினாப் போதும்லா?" என்றார். போதும். தகரம் வெள்ளையாகத் தெரிகிற மாதிரி ஒரு வட்டம். அதில் போல்ட்டை முடுக்கினார்கள். சுற்றிலும் நீலம் அப்படியே இருக்கிறது.

கோவிந்தனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு சுங்கை பஞ்சாங் பக்கம் போனேன். இரண்டு பக்கமும் வயல், நடுவே கோடு போட்ட மாதிரிச் சாலை. மிதித்தேன்.

கார் யோசிக்கவில்லை!

முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நம்பிக்கை வரவில்லை. முன்விளக்கைப் போட்டு மிதித்தேன். போனது. வைப்பரையும் போட்டு மிதித்தேன். போனது. வெயில் கொளுத்திக்கொண்டிருந்த மத்தியானத்தில் விளக்கெரிய, வைப்பர் ஆட, ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு சிவப்புக் கார் பறப்பதை வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கோவிந்தன் கண்ணை மூடி, "தாயே, மாரியம்மா, போதும் மாப்ள, போதும்" என்று அம்மனையும் என்னையும் சேர்த்தே வேண்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து அவரே தங்கையிடம் சாட்சி சொன்னார். இடையிடையே மாரியம்மனைக் கூப்பிட்டது சாட்சிக்கு வலு சேர்த்தது. மாமியார் சொன்ன சொல் தவறவில்லை. ஒன்பதாம் மாதம் பிறந்ததும் துணி மூட்டையும் பெருங்காய டப்பாவுமாக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். "பிரசவ வலி வந்தா அப்ப ஏறினாப் போதும். அதுவரைக்கும் காருல குலுங்க வேணாம்" என்பது அவர் கட்டளை. ஆகவே மல்லிகா காரில் ஏறவில்லை. காரைத் துடைத்து, பெட்ரோல் நிரப்பி, மூக்கைச் சாலைப் பக்கம் திருப்பி நான்தான் நிறுத்திவைத்தேன்.

ஆபீசில் சுப்பையா கேட்டார், "என்ன போட்டே? ஜப்பான் சாமானா?" வயர் என்றேன். "வயரா?" நான் அவரை அவமானப்படுத்திவிட்ட மாதிரி பார்த்தார். "அது சும்மா கொஞ்ச நாளைக்கு ஓடும்." மருந்து மலிவாக இருந்தால் நோயாளிக்குத்தான் வருத்தம் என்று இருந்தேன், பக்கத்து மேசைக்காரருக்கும் வருத்தம்தான் போலிருக்கிறது. நானும் விடவில்லை. கேட்டவர், கேட்காதவர் எல்லோருக்கும் பானெட்டைத் திறந்து காட்டினேன். தஞ்சோங் காராங்கிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள். முனியாண்டியின் விளக்கத்தை முனியாண்டியைவிட நன்றாகச் சொல்ல எனக்கு வந்துவிட்டது.

வலி வந்தது ஒரு காலையில், மல்லிகா துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது. அன்று மழைகூட இல்லை. நான் சாவியோடு ஓடினேன். ஒரே திருகலில் இஞ்சின் பிடித்தது. என்ன ஒரு சத்தம்! அந்த நிமிடத்துக்காகத்தானே இவ்வளவும்?

கதவைத் திறந்துவிட்டேன். மல்லிகா குனிந்தாள். நின்றாள். மறுபடி குனிந்தாள்.

ஸ்போர்ட்ஸ் காரின் சீட் எங்கே இருக்கும் தெரியுமா? ஏறக்குறைய சாலையிலேயே இருக்கும். அதில் உட்கார வேண்டுமானால் முதலில் மடிய வேண்டும். ஒன்பது மாத வயிற்றோடு, வலியோடு ஒரு பெண் எப்படி மடிவாள்? சீட்டைப் பின்னால் தள்ளினேன். சாய்த்தேன். ஒரு காலை முதலில் வைக்கச் சொன்னேன். முதுகுப் பக்கமாக வரச் சொன்னேன். பாதியில் வலி வந்து, கூரையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"இது காரா, கெணறா மாப்ள?" என்றார் மாமியார்.

"என்னால முடியலங்க…" என்று மல்லிகா அழுதாள். கார் மட்டும் 'எப்போது போகலாம்?' என்று உறுமிக்கொண்டே இருந்தது. இவ்வளவு நாள் அதன் வயிற்றுக்குள்ளேயே தலையை விட்டுக்கொண்டிருந்தவன் மனைவியின் வயிற்றை ஒருமுறை அளந்து பார்க்கவில்லையே! எனக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் டின் அப்போதுதான் சந்தையிலிருந்து வந்து தன் மீன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டார். வேனின் முன்சீட் உயரமானது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மல்லிகா ஒரே எட்டில் ஏறிவிட்டாள். பக்கத்தில் மாமியார். "ஜாங்கான் தாக்குட்" என்று பாக் டின் என் தோளில் தட்டினார், பயப்படாதே என்று.

நான் துணிப்பையும் பிளாஸ்குமாகப் பின்னால் ஸ்போர்ட்ஸ் காரில் போனேன்.

அந்த வேனைச் சைக்கிள்காரர்கள் முந்திக்கொண்டு போனார்கள். என் கார் பறக்கத் துடித்தது. காப்பார் சாலையில் எதிரே எதுவும் இல்லை. தொட்டால் போதும், முந்தியிருக்கலாம். முந்தி எங்கே போவது? மீன் வேனின் பின்கண்ணாடியில் மல்லிகாவின் தலை சாய்வதும் நிமிர்வதும் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, ஆக்ஸிலேட்டரை அழுத்தாமல் ஓட்டினேன். கிள்ளான் வரை அழுதுகொண்டே போனேன் என்பதை இங்கே சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஆஸ்பத்திரியில் புருஷன்மார்களை உள்ளே விடுவதில்லை. வராந்தாவில் பெஞ்சு. மாமியார் கண்ணை மூடி வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பாக் டின் வீட்டுக்குப் போகவில்லை, அவரும் உட்கார்ந்துவிட்டார். மத்தியானம் ஆயிற்று. சாயங்காலம் ஆயிற்று. தலைச்சன் அவ்வளவு சீக்கிரம் வருமா? நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், நடந்தேன்.

வராந்தாவுக்கு நேர் எதிரே என் கார். அதைச் சுற்றிச் சுற்றி ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவராம், தமிழர்.

"சார், ஒங்க காரா? இந்த மாடல் மிதிச்சா திக்கும்பாங்களே. இது எப்படி?"

நீங்களே சொல்லுங்கள். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்கலாமா? மாமியாரைப் பார்த்தேன். கண் மூடியே இருந்தது. ஒரே ஒரு நிமிடம்தானே…

பானெட்டைத் திறந்தேன். கரண்ட் திரும்பும் சாலை, வெள்ளம், பஸ், தோட்டத்து ரோடு எல்லாவற்றையும் சொன்னேன். போல்ட்டைத் தொட்டுக் காட்ட உள்ளே நன்றாகக் குனிந்தேன்.

பிறகு நடந்ததை மாமியார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நர்ஸ் வெளியே வந்து, பக்கத்தில் இருந்த ஒரே ஆண்பிள்ளை என்று பாக் டின்னின் கையைப் பிடித்து வாழ்த்துச் சொல்லியிருக்கிறார். பாக் டின் பதறிப்போய், நான் இல்லை என்று வராந்தாவுக்கு வெளியே கை காட்டியிருக்கிறார். நர்ஸ் பார்த்திருக்கிறார். ஒரு சிவப்புக் காரின் வாய்க்குள் பாதி ஆள் போயிருக்கிறான். மீதிப் பாதி தெரிகிறது.

"என்சிக்! பொம்பளப் புள்ள!" என்று, 'ஐயா' என்பதை மட்டும் மலாயில் விட்டுவிட்டு, மற்றதை மாமியார் சொல்லிக்கொடுத்த தமிழிலேயே அந்த மலாய் நர்ஸ் கத்தியிருக்கிறார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? நிமிராமலே கையை மட்டும் வெளியே நீட்டி, "ஒரு நிமிஷம்!" என்றேனாம்.

நர்ஸ் சொன்னது என்ன வார்த்தை என்று புரிந்து நிமிர்ந்த வேகத்தில் பானெட்டில் மண்டை இடித்தது. வீக்கம் இன்னும் இருக்கிறது. ஓடினேன். செருப்பு ஒன்று காரடியில் கிடந்ததை ஆம்புலன்ஸ்காரர் பிறகு கொண்டுவந்து கொடுத்தார்.

மல்லிகா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். பக்கத்தில் துணிச் சுருளுக்குள் என் மகள். இவ்வளவு சின்ன நகம் மனிதர்களுக்கு உண்டு என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. அவள் விரலைத் தொட்டேன். என் கையில் ஆயில் கறை. துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டேன்.

"எங்கங்க இருந்தீங்க?" என்று மல்லிகா கேட்டாள்.

"இங்கதான்… வெளியே."

"தெரியும். அம்மா சொன்னாங்க." கண்ணை மூடிக்கொண்டாள். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "பேரு வைக்கிற அன்னைக்காவது அந்தப் பானெட்ட மூடிட்டு வாங்க."

வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.